மேல்தாடை ஆபரேஷன்: நகர்த்திய எலும்பு அங்கேயே நிற்குமா?

வேளச்சேரியில் இருந்து தாம்பரம் போகிற மெயின் ரோட்டில், பள்ளிக்கரணையைத் தாண்டி மேடவாக்கம் கூட்டு ரோடு வருவதற்குள் எத்தனை பல் கிளினிக் போர்டுகள் இருக்கின்றன என்று ஒருநாள் பஸ் ஜன்னலில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். பாதியிலேயே எண்ணிக்கை தப்பிவிட்டது. வழியில் பள்ளிக்கரணையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பல் வைத்தியம் புதிதல்ல. கிளிப் போட்ட பிள்ளை இல்லாத பிளாக்கே கிடையாது.

ஆனால் ‘கிளிப்பால ஆகாது, தாடையில ஆபரேஷன் பண்ணணும்’ என்று டாக்டர் சொன்னால் வீடே கதிகலங்கிவிடுகிறது. எங்கள் குடியிருப்பில் அப்படிக் கலங்கிப்போன ஒரு அக்கா, மகளின் எக்ஸ்ரே கவரோடு வந்தார். “நீ பத்திரிகைல எல்லாம் எழுதறியே, ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லும்மா. இவ்ளோ செலவு பண்ணி, இவ்ளோ வலியும் பட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு தாடை பழைய இடத்துக்கே போயிட்டா?”

வலிக்குமா, தழும்பு தெரியுமா, எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் லீவு போடணும் என்று எல்லோரும் கேட்பார்கள். நகர்த்திய எலும்பு அங்கேயே நிற்குமா என்று கேட்பவர்கள் குறைவு. உண்மையில் இந்தத் துறையின் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டு வருகிற கேள்வி இதுதான். ‘ரிலாப்ஸ்’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பதிலும் இருக்கிறது. என்ன, ‘ஆமாம், இல்லை’ என்று ஒரே வார்த்தையில் இல்லை.

எத்துப்பல் வேறு, எத்தின தாடை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தெத்துப்பல் என்பது ஒரு பல் மட்டும் இடமில்லாமல் மேலே ஏறிக்கொண்டு நிற்பது. எத்துப்பல் என்பது முன்வரிசையே முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது. இந்த இரண்டும் பெரும்பாலும் கிளிப் போட்டுச் சரிசெய்யக்கூடியவை. கிளிப் பல்லை எலும்புக்குள் நகர்த்தும். ஆனால் அந்த எலும்பே தப்பான இடத்தில் இருந்தால் கிளிப்பால் செய்யக்கூடியது குறைவு. பெரியவர்களுக்கு எலும்பு வளர்ந்து முடிந்துவிட்டதால், அதை வளைத்துக் கொண்டுவரவும் வழியில்லை.

மேல்தாடைப் பிரச்னை பல விதம். சிரித்தால் பல்லைவிட ஈறு அதிகம் தெரிவது, தாடை கீழ்நோக்கி அதிகம் வளர்ந்ததால் இருக்கலாம். மேல்தாடை பின்தங்கி, கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வந்து நிற்பது இன்னொன்று. கடைவாய்ப் பல் இரண்டும் சேர்ந்தாலும் முன்பல்லுக்கு நடுவே இடைவெளி விட்டு நிற்பது மூன்றாவது. இவர்களுக்குத் தோசையை முன்பல்லால் கடித்து இழுக்க வராது, கையால்தான் பிய்ப்பார்கள். அண்ணம் குறுகிப்போய் மேல் வளைவு கீழ் வளைவுக்குள் விழுவது நான்காவது. நம் ஊரில் நிறையப் பேருக்கு இருப்பது முன்பகுதி மட்டும் முன்னால் வந்து, உதடு இயல்பாக மூடாமல் இருப்பது.

அந்த அக்காவின் மகளுக்கு இந்தக் கடைசி வகையும் ஈறு தெரிவதும் சேர்ந்து இருந்தது. அம்மா பேசிக்கொண்டிருந்த அரைமணி நேரமும் அவள் மொபைலைப் பார்த்தபடி இருந்தாள். உனக்கு என்ன தொந்தரவு என்று கேட்டபோதுதான் நிமிர்ந்தாள். “காலைல எழுந்தா வாய் காஞ்சு போயிருக்கும் அக்கா. உதட்டை மூடணும்னா நானா இழுத்துப் பிடிச்சு மூடணும். மீட்டிங்ல அதையே நெனச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.” அம்மா பேசியது முழுக்கப் பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றி. இரண்டு பேரும் ஒரே ஆபரேஷனைத்தான் சொல்கிறார்கள், ஆனால் எதிர்பார்ப்பு வேறு வேறு.

தாடையை எப்படி நகர்த்துகிறார்கள்?

1901-ல் ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். இறந்தவர்களின் தலைகளில் அடி விழச் செய்து, முகத்து எலும்பு எங்கெங்கே விரிகிறது என்று பார்த்தார். கண்டபடி உடையாமல், சில குறிப்பிட்ட கோடுகள் வழியாகத்தான் அது உடைகிறது என்று கண்டுபிடித்தார். அதில் முதல் கோடு, மேல்பல் வேர்களுக்குச் சற்று மேலே, மூக்கின் அடிப்பகுதி மட்டத்தில் கிடையாக ஓடுகிறது. விபத்தில் எலும்பு உடைகிற அதே கோட்டில்தான் இன்று சர்ஜன்கள் திட்டமிட்டு வெட்டுகிறார்கள். அதனால் இந்த ஆபரேஷனின் பெயரே ‘லெ ஃபோர் ஒன்று’.

வெட்டு முழுக்க மேலுதட்டுக்கு உள்பக்கம். வெளியே தழும்பு இருக்காது. பல்வரிசையும் அண்ணமும் சேர்ந்த மேல்தாடைத் துண்டை முழுதாக விடுவித்து, வேண்டிய இடத்தில் வைத்து, டைட்டானியம் பிளேட்டும் சின்ன ஸ்க்ரூக்களும் போட்டு நிறுத்துவார்கள். கேட்கவே வயிற்றைக் கலக்கும், தெரியும். ஒரு காலத்தில் டாக்டர்களுக்கும் கலக்கியது. எல்லாப் பக்கமும் வெட்டினால் ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துவிடாதா என்று பயந்து, பாதி வெட்டிவிட்டு ரப்பர் போட்டு இழுத்துப் பார்த்தார்கள். பாதி வெட்டியதால் அது பாதிதான் நகர்ந்தது, திரும்பியும் போனது. 1960-களில் ஜூரிச்சில் இருந்த ஹ்யூகோ ஒப்வேகெஸர், தாடையை இறுக்கமே இல்லாமல் முழுசாக விடுவித்து நகர்த்தினால்தான் அது நிற்கும் என்று செய்து காட்டினார். 1975-ல் அமெரிக்காவின் வில்லியம் பெல் குழு, குரங்குகளில் செய்த சோதனையில், அண்ணத்தின் தசையும் ஈறும் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், அதன் வழியாகவே ரத்தம் வந்து எலும்பு உயிரோடு இருக்கும், சேரும் என்று காட்டியது. இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் துணிந்து செய்வதற்குப் பின்னால் இந்த இரண்டு பேரின் வேலை இருக்கிறது.

பிளேட் வருவதற்கு முன்னால் எலும்பை மெல்லிய கம்பியால் கட்டுவார்கள். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்து வயர் போட்டு, ஆறு வாரம் வாயே திறக்காமல் வைப்பார்கள். கம்பி தளர்ந்தால் தாடையும் நகரும். ‘எங்க சித்திக்குப் பண்ணாங்க, திரும்ப வந்துடுச்சு’ என்று யாராவது முப்பது நாற்பது வருஷக் கதை சொன்னால், அது எந்தக் காலத்து முறை என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

எந்தத் திசையில் நகர்த்துகிறார்கள் என்பதில்தான் விஷயம்

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் வில்லியம் புராஃபிட், திமத்தி டர்வி குழுவினர் தங்களிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை வருடக்கணக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்து அளந்தார்கள். 1996-ல் ஒரு வரிசைப் பட்டியல் போட்டார்கள், 2007-ல் அதைப் புதுப்பித்தார்கள். எந்த அசைவு அதிகம் நிற்கும், எது குறைவாக நிற்கும் என்ற ஏணி அது. உலகம் முழுக்கத் தாடை ஆபரேஷன் படிக்கிற மாணவர்கள் இந்த ஏணியைப் படிக்காமல் வெளியே வர முடியாது. நோயாளியின் வீட்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏணியின் உச்சியில் இருப்பது, மேல்தாடையை மேல்நோக்கி ஏற்றுவது. ஈறு அதிகம் தெரிகிறவர்களுக்குச் செய்வது இது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குறிப்பிடும்படியான நகர்வு இருக்காது. காரணம் எளிது. மேல்தாடை ஏறினால் கீழ்த்தாடை தானாகவே கொஞ்சம் மேலே சுழன்று வந்து சேர்ந்துகொள்கிறது. எந்தத் தசையும் இழுபடுவதில்லை. மென்று தின்னும் அழுத்தமும் தாடையை மேல்பக்கம்தான் தள்ளும், எதிர்ப்பக்கம் இல்லை.

முன்னே கொண்டுவருவது அடுத்த படி. 8 மில்லிமீட்டருக்குள் முன்னே நகர்த்தினால், 100-ல் 80 பேருக்கு மாற்றம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. மீதி 20 பேருக்கு 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை பின்னால் போகலாம். 4-க்கு மேல் போவது கிட்டத்தட்ட இல்லை. 2 மில்லிமீட்டர் என்பது எவ்வளவு? ஏ.டி.எம். கார்டு இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கண்ணாடியில் பார்க்கும் அம்மாவுக்கும் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது. ஐந்து கார்டு அளவு போனால் பல் கடிப்பில் வித்தியாசம் தெரியும்.

கீழ்நோக்கி இறக்குவதுதான் தகராறு பிடித்தது. சிரித்தால் மேல்பல்லே தெரியாதவர்களுக்கு, மேல்தாடை உயரம் போதாதவர்களுக்கு இதைச் செய்வார்கள். இறக்கியபின் மேலே ஒரு இடைவெளி நிற்கும், எலும்போடு எலும்பு ஒட்டாது. அதன் மேல் ஒவ்வொரு வாய் சோறும் மெல்லும்போது தாடையை மேல்பக்கம் தள்ளும். அதனால்தான் இடைவெளியில் இடுப்பு எலும்பில் இருந்தோ வேறு இடத்தில் இருந்தோ எலும்புத் துண்டு எடுத்து வைப்பதும், கனமான பிளேட் போடுவதும். இதற்கு உங்கள் டாக்டர் ‘இடுப்பில் சின்னதா ஒரு கீறல்’ என்று சொன்னால், பணம் பிடுங்கச் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள்.

ஏணியின் அடியில் இருப்பது, குறுகிய மேல்தாடையை அகலமாக விரிப்பது. நம்மில் பலர் இதைச் சுலபமானது என்று நினைப்போம். எலும்பைப் பிளந்து தள்ளி வைத்தால் போயிற்று. ஆனால் அண்ணத்தின் மேல் தோல் கெட்டியானது, அவ்வளவாக நீளாது. விரித்த இரண்டு பாதியையும் இழுத்துப் பிடித்த ரப்பர் போல உள்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் தேவைக்குமேல் கொஞ்சம் கூடுதலாக விரித்து வைப்பார்கள். பிறகு மாதக்கணக்கில் அண்ணத்துக்குக் குறுக்கே ஒரு பட்டையோ கம்பியோ இருக்கும்.

நம் ஊரில் சகஜமாகச் செய்யப்படும் இன்னொரு ஆபரேஷன், முன்பல் பகுதியை மட்டும் பின்னால் தள்ளுவது. இரண்டு பக்கமும் கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்பை வெட்டி, ஆறு முன்பற்கள் இருக்கும் துண்டைப் பின்னால் கொண்டுவருவார்கள். இதில் உதடு நமக்குச் சாதகம். முன்பு துருத்திக்கொண்டிருந்த பல்மேல் படியாமல் நின்ற உதடு, இப்போது மூடி, வெளியே இருந்து பல்லை உள்பக்கம் தாங்கிப் பிடிக்கும். பாதகமாக இருப்பது நாக்கு. அதைப் பிறகு பார்க்கலாம்.

முதல் வருடம் ஒரு கதை, அடுத்த நான்கு வருடம் வேறு கதை

அந்தக் கரோலினா ஆய்வில் எனக்கு ரொம்பச் சுவாரஸ்யமாகப் பட்டது இதுதான். ஆபரேஷன் முடிந்து எலும்பு சேர்வது ஆறு, எட்டு வாரத்தில். அடுத்த சில மாதத்தில் அது கெட்டிப்படும். ஆகவே நகர்வதென்றால் முதல் வருடத்துக்குள் நகர்ந்துவிடும், அதைத் தாண்டிவிட்டால் ஜெயித்தோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முதல் வருடத்தில், நீள முகமும் பின்தங்கிய கீழ்த்தாடையும் உள்ளவர்கள் நன்றாக நின்றார்கள். கீழ்த்தாடை முன்தள்ளி, மேல்தாடை பின்தங்கி இருந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் திரும்பியது.

ஒன்றில் இருந்து ஐந்து வருடம்வரை பார்த்தபோது தலைகீழ். இரண்டு கூட்டத்திலும் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் எலும்பில் மாற்றம் இருந்தது. இம்முறை நீள முகக்காரர்கள்தான் அதிகம் மாறினார்கள். எலும்பு சேர்ந்த பிறகும் உடம்பு சும்மா இருப்பதில்லை. சிலருக்குக் கீழ்த்தாடை மூட்டு தேய்ந்து சுருங்குகிறது. இது இளம்பெண்களில் அதிகம். மேல்தாடை வைத்த இடத்திலேயே இருந்தாலும், மூட்டு தேய்ந்தால் முன்பல் மறுபடி திறந்துகொள்ளும். காது முன்னால் ‘களுக்’ சத்தமோ, வாய் திறக்கும்போது வலியோ ஏற்கெனவே இருக்கிறவர்கள், அதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஒரு ஆறுதலும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. எலும்பு மாறியவர்களின் எண்ணிக்கையைவிட, பல் கடிப்பு மாறியவர்களின் எண்ணிக்கை குறைவு. எலும்பு சற்று நகர்ந்தாலும் பற்கள் அதற்கு ஏற்றபடி தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. அதனால்தான் ‘எக்ஸ்ரேயில் 2 மில்லிமீட்டர் வந்திருக்கு’ என்பதும் ‘ஆபரேஷன் தோற்றுப்போச்சு’ என்பதும் ஒன்றல்ல.

வேறொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மயக்கம் தெளிந்து இரண்டு மூன்று நாளிலேயே கடிப்பு ஒத்துவரவில்லை என்றால், அது திரும்பிப் போனது அல்ல. மயக்கத்தில் தசை தளர்ந்திருக்கும்போது கீழ்த்தாடை மூட்டு குழியில் சரியாக உட்காராமல் இருந்து, பிளேட் போட்டபின் தன் இடத்துக்கு வந்ததால் தெரிகிற வித்தியாசம். அதை ‘போகப் போகச் சரியாயிடும்’ என்று விட்டுவைக்கக் கூடாது. எலும்பு சேர்வதற்கு முன்பே சரிசெய்வது சுலபம்.

நாக்கும் மூக்கும்

விழுங்கும்போது நாக்கு நுனி முன்பல்லைத் தள்ளுகிறதா என்று கண்ணாடி முன் நின்று பாருங்கள். சிலருக்கு உதட்டுக்கு இடையில் நாக்கு எட்டிப் பார்க்கும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை எச்சில் விழுங்குகிறோம். இரவில் வாய் திறந்து தூங்கினால் நாக்கு கீழே இறங்கியே கிடக்கும். அத்தனை மணி நேரமும் பற்களுக்கு உள்ளிருந்து தாங்கலும் இல்லை, வெளியில் இருந்து உதட்டின் பிடிப்பும் இல்லை. சர்ஜன் எட்டு வாரத்தில் கட்டி முடித்ததை நாக்கு எட்டு வருடத்தில் மெல்ல மெல்ல அவிழ்க்கும். முன்பல் திறப்பு உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கவலை அதிகம்.

வாயால் மூச்சுவிடுவதற்குக் காரணம் மூக்கடைப்பு, அடினாய்டு, வளைந்த மூக்குத் தண்டு என்று ஏதாவது இருக்கலாம். மெட்ரோ வேலை தூசும் லாரிப் புகையுமாக இருக்கிற எங்கள் ரோட்டில் தும்மாத ஆள் கிடையாது. அலர்ஜியைப் பெரிய விஷயமாகவே நாங்கள் எடுப்பதில்லை. தாடை ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிற வீடு, அதற்கு முன் காது மூக்கு தொண்டை டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நாக்குப் பழக்கத்துக்குப் பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் சொல்லித்தரும் பயிற்சிகள் உண்டு. சோம்பேறித்தனம் பார்க்காமல் செய்தால் பலன் இருக்கும். மேல்தாடையை மேலே ஏற்றினால் மூக்குத்துவாரம் சற்று அகலமாகும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டுப்படுத்த உள்ளே ஒரு தையல் போடுவார்கள்.

பிளவோடு பிறந்தவர்களுக்கு

உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவோடு பிறந்து, குழந்தையில் தையல் போட்டவர்களின் மேல்தாடை பல சமயம் பின்தங்கி வளர்கிறது. கன்னம் குழிந்து, மேலுதடு உள்ளே போய், கீழ்த்தாடை பெரிதாகத் தெரியும். இவர்களுக்கும் அதே ஆபரேஷன்தான் என்றாலும், நிற்பதில் கஷ்டம் அதிகம். அண்ணத்தில் சின்ன வயதுத் தழும்பு இறுகிப்போய் இருக்கிறது. தாடையை முன்னால் கொண்டுவந்தால் அந்தத் தழும்பு பின்னால் இழுக்கும். மேலே சொன்ன 80, 20 கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது.

இதற்கு வந்த மாற்று வழி, ஒரே நாளில் இழுக்காமல் தினம் கொஞ்சமாக நகர்த்துவது. ரஷ்யாவில் இலிசரோவ், கால் எலும்பை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுத்தால் இடைவெளியில் புது எலும்பே வளர்கிறது என்று காட்டினார். அதே தத்துவம். 1997-ல் சிகாகோவின் ஜான் பாலி, ஆல்வாரோ ஃபிகெரோவா இருவரும், தலையைச் சுற்றி ஒரு வளையம் பொருத்தி அதிலிருந்து மேல்தாடையைத் தினமும் இழுக்கும் கருவியைப் பற்றி எழுதினார்கள். எலும்போடு தோலும் தசையும் பழகிக்கொண்டே வருவதால் தழும்பின் எதிர்ப்பு குறைகிறது. ஆனால் தலையில் வளையத்தோடு வாரக்கணக்கில் இருக்க வேண்டும். பஸ்ஸில் போக முடியுமா, காலேஜ் போக முடியுமா?

சென்னையில் டாக்டர் ஆர். குணசீலனும் ஹாங்காங்கின் எல்.கே. சியூங்கும் மற்றவர்களும் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட ஒரு முறை, அந்த வளையம் இல்லாதது. பல்லோடு பொருத்தி அண்ணத்தில் வைக்கும் ஒரு ஸ்க்ரூ கருவி. முன்பகுதியை மட்டும் வெட்டி, ஸ்க்ரூவைத் தினமும் திருகி, மெல்ல முன்னால் கொண்டுவருவது. பின்பாதி அண்ணம் இருந்த இடத்திலேயே இருப்பதால் பேச்சு கெடுவதற்கான பயமும் குறைவு. ஏனென்றால் பிளவுள்ளவர்களுக்கு முழுத் தாடையும் முன்னால் வந்தால், உள்நாக்குப் பகுதி தொண்டைச் சுவரைத் தொடாமல் போய், பேச்சில் மூக்கொலி கூடலாம். முகம் சரியாகி, குரல் மாறினால் அந்தப் பெண்ணோ பையனோ என்ன செய்வார்கள்? ஆபரேஷனுக்கு முன் பேச்சுப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

தை மாசத்துக்குள் முடியுமா?

அந்த அக்கா இதைக் கேட்டபோது ஆடி மாசம். ‘தைல கல்யாணம் பேசலாம்னு இருக்கோம், அதுக்குள்ள முடிஞ்சிடும்ல?’ என் அனுபவத்தில் தாடை ஆபரேஷனின் பெரிய எதிரி இந்தக் கேள்விதான்.

பொதுவான கணக்கு இப்படி. முதலில் கிளிப் போட்டு ஒரு வருடம், ஒன்றரை வருடம் பல்லை எலும்புக்கு நேராக நிறுத்துவார்கள். இந்தக் கட்டத்தில் சிலருக்கு முகம் முன்பைவிட மோசமாகத் தெரியும். பல் தன் உண்மையான இடத்துக்கு வருவதால் அப்படி. பிறகு ஆபரேஷன். அதற்குப்பின் ஆறு மாதம், ஒரு வருடம் மறுபடி கிளிப்பிலேயே நுண்மையான சரிசெய்தல். முதலில் ஆபரேஷன், பிறகு கிளிப் என்ற முறையும் இப்போது இருக்கிறது. சிலருக்குப் பொருந்தும், எல்லோருக்கும் பொருந்தாது. கல்யாணத் தேதிக்காக இந்த முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி டாக்டரை நெருக்குவது சரியில்லை.

வயதும் முக்கியம். வளர்ச்சி முடியாமல் செய்தால், நகர்த்திய தாடை அங்கேயே நிற்கும். மற்றது வளர்ந்துகொண்டே போகும். கீழ்த்தாடை முன்தள்ளுகிறவர்களுக்கு இது ரொம்பப் பொருந்தும். பெண்களுக்குப் பெரும்பாலும் 16, 17 வயதில் நின்றுவிடும். பையன்களுக்கு 20 வரைகூடப் போகும். ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு எக்ஸ்ரேயை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் வளர்ச்சி நின்றதா என்று முடிவு செய்வார்கள். ‘பிளஸ் டூ லீவுலயே முடிச்சிடலாம்’ என்பது வீட்டு சௌகரியம். எலும்புக்கு லீவு தெரியாது.

ஆபரேஷன் முடிந்து முதல் ஆறு வாரம் மெல்லாத சாப்பாடு. கஞ்சி, ராகிக் கூழ், ஜூஸ், பிறகு சாம்பாரில் ஊறவைத்துக் கரைத்த இட்லி, குழைந்த பருப்பு சாதம். முறுக்கும் கடலை மிட்டாயும் கரும்பும் மாதக்கணக்கில் கிடையாது. பிளேட் இருக்கிறதே என்று நம்பிக் கடிக்கக் கூடாது. அது எலும்பு சேரும்வரை பிடித்துக்கொள்ளத்தான், கடிக்கிற பாரத்தைத் தாங்க அல்ல. பல்லில் மாட்டும் சின்ன ரப்பர்களைச் சொன்ன மணி நேரம் மாட்டாமல் விட்டவர்கள்தான் பிறகு ‘திரும்ப வந்துடுச்சு’ என்று வருகிறார்கள். கிளிப் எடுத்தபின் தருகிற ரீட்டெய்னரும் அப்படித்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு அலமாரியில் வைப்பதற்காகத் தருவதில்லை.

செலவு இடத்துக்கு இடம் மாறும். மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று நம்பி நாள் குறிக்காதீர்கள். அழகுக்கான அறுவை சிகிச்சை என்பது காப்பீட்டுப் பாலிசிகளில் பொதுவாக விலக்கப்பட்ட ஒன்று. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு போன்றவைதான் விதிவிலக்கு. உங்களுடையது எதில் வரும் என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பார்க்க நினைக்கிறவர்கள், எங்கள் பக்கத்தில் இருந்து என்றால் தாம்பரம் போய் பீச் ரயிலில் ஏறி கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் கிட்டத்தில்தான். 1953-ல் தொடங்கிய கல்லூரி அது.

எந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் பார்த்தாலும் ஒரு விஷயம். உங்களைப் பார்க்கும் முதுகலை மாணவர் மூன்று வருடப் படிப்பு முடிந்ததும் போய்விடுவார். உங்கள் சிகிச்சையே இரண்டு, இரண்டரை வருடம். ஐந்தாம் வருடம் போய் நிற்கும்போது உங்களை முதலில் பார்த்தவர் வேறு ஊரில் இருப்பார். ஆகவே பக்கவாட்டு முக எக்ஸ்ரேயை ஆபரேஷனுக்கு முன், முடிந்த வாரத்தில், ஆறாம் மாதம், ஒரு வருடம் என்று எடுக்கும்போதெல்லாம் ஒரு பிரதி கேட்டு வாங்கி, தேதி போட்டு வீட்டிலும் ஒரு ஃபைல் வையுங்கள். எந்தத் திசையில் எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தினார்கள் என்பதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு எந்த டாக்டர் பார்த்தாலும், நகர்ந்ததா இல்லையா என்று ஒப்பிட அந்தத் தாள் வேண்டும். எந்தத் திசை, எவ்வளவு, உங்கள் கையில் செய்தவர்களில் ஒரு வருடம் கழித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் முகம் சுளிக்கிற சர்ஜனிடம் நான் என் பெண்ணை அனுப்பமாட்டேன்.

மீதிச் சந்தேகங்கள் சின்னவை. மேலுதடும் கன்னமும் மரத்துப்போனது போல இருப்பது பெரும்பாலும் சில மாதத்தில் திரும்பிவிடும். பிளேட்டை எடுக்க வேண்டுமா என்றால், சீழோ உறுத்தலோ இல்லாவிட்டால் தேவையில்லை, ஆயுசு முழுக்க அங்கேயே இருக்கலாம். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் மெஷின் கத்துமா என்று அந்தப் பெண் கேட்டாள். அத்தனை சின்ன டைட்டானியத்துக்குப் பொதுவாகக் கத்தாது.